மூன்றாம் சுற்று

வுப்பர்டாலில்
நாடா நெய்த ஆலையின் நிலவறை.
முப்பத்தாறு நாற்காலி, இன்று பத்தொன்பது பேர்,
காயாத கோட்டுகளின் கம்பளி வாடை.
வெளியே ஆற்றுக்கு மேல்
தொங்கு ரயில் கடக்கும்போதெல்லாம்
என் மிக்ஸரில் ஒரு சிவப்புப் புள்ளி
கண் சிமிட்டி அணையும்.

பகலில் நான்
காதுக் கருவி பொருத்துகிறவள்.
வெள்ளி இரவுகளில் இந்த மேசை.
இரண்டும் ஒரே வேலைதான்:
இரைச்சலுக்குள்ளிருந்து
ஒரு குரலைத் தூக்கிவிடுவது.

கெர்லிண்ட் மேடையேறுகிறாள்.
வயது அறுபத்தொன்று.
பல் கட்டும் ஆய்வகத்தில் வேலை,
நகக்கண்ணில் இன்னும் வெள்ளை மாவு.
பியானோக்காரரிடம் குனிந்து சொல்கிறாள்:
"இரண்டு படி கீழே."
போன வருஷம் ஒரு படி.
குரல் இறங்கிய இடத்துக்கே
பாட்டை அழைத்துக்கொள்கிறாள்.

பாட்டு பழசு.
நியூயார்க்கில் ஏதோ நாடகத்துக்காக
இரண்டு பேர் ஒரு மதியத்தில் எழுதியதாம்.
நாடகம் பதினோரு நாளில் படுத்துவிட்டது.
பாட்டு மட்டும் எழுந்து வந்து
கிடைத்த தொண்டையிலெல்லாம்
குடியிருந்து பார்க்கிறது.

நீ தட்டினால் திறப்பேன்,
நீ தட்டாவிட்டாலும் தாழிட மாட்டேன்.
இவ்வளவுதான் அதன் சங்கதி.
கெர்லிண்ட் போடுகிற சங்கதி வேறு.

தாளம் வந்து நிற்கிறது. அவள் வரவில்லை.
அரை மூச்சு கழித்து,
பஸ்ஸைத் தவறவிட்டும் ஓடாத ஒருத்தியாய்
வருகிறாள்.
எங்கள் பக்கம் இதற்கு அனாகதம் என்று பேர்.
இங்கே என்ன பேரோ,
ஓட்மாரைக் கேட்டால் தெரியும்.

ஓட்மார் பாஸ் வாசிப்பவர்.
இருபத்திரண்டு வருஷம் அவள் கணவர்,
மார்ச்சிலிருந்து இல்லை.
தனித்தனி வண்டியில் வருகிறார்கள்.
அந்தப் பெரிய வாத்தியம் இறங்கும்போது மட்டும்
அவள் இன்னும் கதவைப் பிடித்துக்கொள்கிறாள்.

பாட்டில் பதினான்கு முறை 'யூ' வருகிறது.
ஆங்கிலம் சோம்பேறி,
நீயையும் நீங்களையும்
ஒரே கொக்கியில் மாட்டிவிடும்.
எனக்கு உள்ளே தமிழ் ஓடும்,
அவளுக்கு ஜெர்மன்.
இரண்டிலும் அந்தச் சொல்லுக்கு முன்
ஒரு நொடி நின்று
ஆளைப் பார்த்தாக வேண்டும்.
(இவளை அவள் என்கிறேன், பத்து வருஷப் பழக்கம்.
ஓட்மார் எனக்கு இன்னும் அவர்.)

முதல் சுற்றில் நீ.
சந்தேகமே இல்லை.
அடுப்பைப் பார்த்தபடி, திரும்பாமல்,
உப்பை எடு என்று சொல்கிற நீ.

ஓட்மார் தனியாக வாசித்தார்.
கண்ணை மூடி, நாடி பார்க்கிற விரலால்,
தேவைக்கு இரண்டு சுரம் குறைவாக.
நடுவில் ரயில். சிவப்புப் புள்ளி.

இரண்டாம் சுற்றில் நீங்கள்.
எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
சொல்லுக்கு முன் சின்னதாய்க் காற்று விட்டாள்,
வக்கீல் அலுவலகத்தில்
நாற்காலியைக் காட்டுவதுபோல்.
முன்வரிசையில் ஒருவர்
பீர் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

நீயா நீங்களா,
எனக்குள்ளேயே பந்தயம் கட்டி
மூன்றாம் சுற்றுக்குக் காத்திருந்தேன்.

தாளம் வந்தது. போனது.
அரை மூச்சு. முழு மூச்சு.
பியானோ கையை எடுத்துக்கொண்டது.
அவள் அந்தச் சொல்லைப் பாடவே இல்லை.
தட்டினால் திறப்பேன் என்றாள்.
தமிழில் இது சாதாரணம்,
தோன்றா எழுவாயை வைத்துக்கொண்டே
குடும்பம் நடத்துவோம்.
ஆங்கிலத்தில் அது ஓட்டை.
பல் விழுந்த இடத்தை நாக்கு தொடுவதுபோல்
அத்தனை பேர் காதும்
அங்கே போய்ப் போய் வந்தது.

அந்த இடத்தில் ஓட்மார்
விரல் அழுத்தாத தந்தியை
ஒரே ஒரு முறை விட்டார்.

பதிவை நாளை அனுப்ப வேண்டும்.
அலைக்கோடு அங்கே கிட்டத்தட்டத் தட்டை.
பழுதென்று நினைத்து
யாரும் நிரப்பிவிடக் கூடாது,
குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

மழை விடவில்லை.
கார்டு இயந்திரம் வேலை செய்யவில்லை;
சில்லறையை எண்ணிப் பிரித்தார்கள்.
வாத்தியம் வண்டியில் ஏற
அவள் கதவைப் பிடித்தாள்.
'டாங்கே' என்றார் அவர்,
உனக்கு, உங்களுக்கு
எதுவும் சேர்க்காமல்.